கஷ்கூலைத் திரையில் எப்படி வைப்பது?

ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பவரின் கேள்வி இது: "எங்களிடம் சூஃபி என்ற இஸ்லாமிய ஞான மரபைச் சேர்ந்த நாற்பது பொருட்கள் இருக்கின்றன. தர்வேஷ்கள் என்ற சூஃபித் துறவிகளின் பாத்திரங்கள், கையெழுத்துப் பிரதிகள், தொப்பிகள், சில இசைக்கருவிகள். இவற்றைக் கொண்டு ஓர் இணையக் கண்காட்சி அமைக்கப் போகிறோம். எங்கிருந்து தொடங்குவது? எவற்றைத் தவிர்ப்பது?"

முதலில், நாற்பதும் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நிறைய இடம் கொடுங்கள். நேரில் வருகிறவர் ஒரு பொருளைத் தாண்டிப் போக நாலு அடி நடக்க வேண்டும். திரையில் விரலை ஒரு தள்ளு தள்ளினால் போதும். எண்ணிக்கை கூடக்கூடத் தள்ளும் வேகமும் கூடும்.

இரண்டாவது விஷயம், நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. சூஃபி மரபின் பொருட்களில் பெரும்பாலானவை பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கையில் ஏந்த, தலையில் வைக்க, ஊத, ஓத, விரித்து உட்காரச் செய்யப்பட்டவை. அவற்றைக் கருப்புப் பின்னணியில் அந்தரத்தில் மிதக்கவிட்டு, கீழே "பித்தளை, ஈரான், 19-ஆம் நூற்றாண்டு" என்று எழுதிவிட்டால், அழகான உலோகத் துண்டு ஒன்றைக் காட்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். அதை யார், எப்போது, எதற்காகக் கையில் எடுத்தார்கள் என்பது தெரிந்தால்தான் அது சூஃபிப் பொருள் ஆகிறது. ஆகவே உங்கள் பட்டியலைப் பொருள் வாரியாகப் போடாமல் செயல் வாரியாகப் போடுங்கள்: ஏந்துவது, ஓதுவது, கேட்பது, சுழல்வது, வாசலில் காத்திருப்பது. ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு பொருட்கள் கிடைத்தாலே கண்காட்சி நிறைந்துவிடும்.

உங்களிடம் இருக்கும் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் கஷ்கூல். தமிழில் திருவோடு என்கிறோமே, அதற்கு மிக நெருங்கிய உறவு. ஊர் ஊராக அலையும் தர்வேஷ் தோளில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருப்பார். யாராவது கொடுத்தால் அதில் வாங்கிக்கொள்வார், தண்ணீரும் அதில்தான். நல்ல கஷ்கூல்கள் பல கடல்தேங்காய் ஓட்டில் செய்யப்பட்டவை. அந்த மரம் இயற்கையாக வளர்வது சீஷெல்ஸ் தீவுகளில் மட்டும்தான். உலகத்திலேயே பெரிய விதை அதனுடையது. பதினைந்து கிலோவைத் தாண்டுவதும் உண்டு. 1768-இல் சீஷெல்ஸில் அந்த மரத்தைக் கண்டுபிடிக்கும் வரை, இந்தக் காய் எங்கே காய்க்கிறது என்பது அதைச் செதுக்கியவர்களுக்கும் ஏந்தியவர்களுக்கும் தெரியாது. உள்ளீடு போன ஓடுகள் மிதந்து வந்து மாலத்தீவு போன்ற கரைகளில் ஒதுங்கும். கடலுக்கு அடியில் இருக்கும் மரத்தில் காய்க்கிறது என்றே பலர் நம்பினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மூலம் தெரியாத ஒரு காய். உள்ளே எல்லாம் காலியான பிறகு அலை கொண்டுவந்து சேர்த்தது. தன்னை வெறுமையாக்கிக்கொள்வதே பாதை என்று சொல்கிற ஒருவர் அதை எடுத்து, குர்ஆன் வசனங்களையும் பாரசீகக் கவிதை வரிகளையும் செதுக்கச் செய்து தோளில் மாட்டிக்கொள்கிறார். இந்தப் பாத்திரத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த விளக்கக் குறிப்பு இருக்க முடியாது, பொருளே சொல்லிவிடுகிறது. உலோகக் கஷ்கூல்களின் கதை வேறு. அவை படகு வடிவில் இருக்கும், இரண்டு முனைகளிலும் நாகதலை போன்ற யாளித் தலைகள் இருப்பதுண்டு. பாரசீகத்தின் பழைய படகு வடிவ மதுக் கிண்ணங்களின் வாரிசு அது. மதுவைத் தெய்வக் காதலுக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கவிதை மரபு, மதுக் கிண்ணத்தையே பிச்சைப் பாத்திரமாக்கிவிட்டது.

இதை எப்படிக் காட்டுவது? முப்பரிமாணப் படம் எடுங்கள், சரி. ஆனால் சுற்றிச் சுற்றி உருட்டிப் பார்க்கிற வசதியை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முதல் படம் பாத்திரத்தின் உள்புறத்தை மேலிருந்து பார்ப்பதாக இருக்கட்டும், கொடுக்கிறவர் அதைப் பார்த்த கோணம் அதுதான். அடுத்தது பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகள். அந்த வரிகளை ஒருவர் ஓதுவதைக் கேட்கவிடுங்கள். அப்புறம் விளிம்பில் கை பட்டுப் பட்டு மழுங்கிய இடம். அருங்காட்சியகப் படக்காரர்கள் தேய்மானத்தைக் குறையாக நினைத்து ஒளியில் மறைத்துவிடுவார்கள். இந்தக் கண்காட்சியைப் பொறுத்தவரை உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சாட்சியமே அந்தத் தேய்மானம்தான்.

ஓவியங்களில் இணையம் நேரில் பார்ப்பதை வென்றுவிடும் என்றே சொல்வேன். முகலாய, பாரசீக ஓவியங்கள் சுவரில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்க்க வரையப்பட்டவை அல்ல. மடியில் வைத்துப் புரட்டும் தொகுப்புகளின் பக்கங்கள் அவை. வாஷிங்டனில் உள்ள ஃப்ரீர் கலைக்கூடத்தில் பிச்சித்ர் என்ற ஓவியர் 1615-க்கும் 1618-க்கும் இடையில் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அரசர்களை விட்டுவிட்டு ஒரு சூஃபி ஷெய்கை, அதாவது ஞானகுருவை, தேர்ந்தெடுக்கும் காட்சி. ஓவியம் ஒரு சாண் உயரம்தான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றால் ஒளிவட்டம் தெரியும், முகங்கள் தெரியும், கதை தெரியாது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

பேரரசர் உட்கார்ந்திருப்பது ஒரு மணற்கடிகாரத்தின் மேல். மணல் பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டது. அடியில் இரண்டு குட்டித் தேவதைகள், அவர் ஆயிரம் ஆண்டு ஆள வேண்டும் என்று அதன் மேலேயே எழுதிக்கொண்டிருக்கின்றன. எதிரே நாலு பேர்: மேலே வெண்தாடி ஷெய்கு, அவருக்குக் கீழே உதுமானியச் சுல்தான், அடுத்து இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ், கடைசியில் கையில் ஒரு படத்தோடு ஓவியர். ஜஹாங்கீர் நீட்டும் புத்தகத்தை வாங்குகிறவர் ஷெய்கு. இங்கேதான் ஜூம் செய்ய வேண்டும்: அவர் வெறுங்கையால் வாங்கவில்லை, விரித்த துணியில் வாங்குகிறார். பேரரசரின் கையும் ஞானியின் கையும் தொட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு விரற்கடை இடைவெளியில் அரசுக்கும் துறவுக்கும் இடையே இருந்த மரியாதை, எச்சரிக்கை எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. படத்தோடு வரும் பாரசீக வரிகளும் இதையே சொல்கின்றன: வெளிப்பார்வைக்கு அரசர்கள் முன்னால் நின்றாலும், உள்ளூர அவர் பார்வை தர்வேஷ்கள் மீதே இருக்கிறது.

இப்படி ஓர் ஓவியத்துக்கு ஆறு அல்லது ஏழு நிறுத்தங்கள் வையுங்கள். எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசியில் காட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. நான் செய்தால் துணியில் தொடங்குவேன், முழு ஓவியத்தைக் கடைசியில்தான் காட்டுவேன்.

நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பறவைகள் கூட்டம் ஓவியத்தையும் பாருங்கள். பாரசீகக் கவிஞர் ஃபரீதுத்தீன் அத்தாரின் பறவைகள் காவியத்துக்காக ஸாவா ஊரைச் சேர்ந்த ஹபீபுல்லாஹ் 1600 வாக்கில் வரைந்தது. தங்கள் அரசனான ஸீமுர்க்கைத் தேடிப் புறப்படும் பறவைகளிடம் கொண்டலாத்தி பேசிக்கொண்டிருக்கிறது. கதையின் முடிவு ஒரு சொல் விளையாட்டில் நிற்கிறது: பாரசீகத்தில் 'ஸீ' என்றால் முப்பது, 'முர்க்' என்றால் பறவை. பயணத்தில் தப்பிப் பிழைத்துப் போய்ச் சேரும் முப்பது பறவைகளும் அங்கே காண்பது தங்களையேதான். இந்தச் சிலேடையை விளக்காமல் ஓவியத்தை மட்டும் வைத்தால் பார்ப்பவருக்கு அது பறவைப் படம். இரண்டு வரி எழுதினால் போதும், ஓவியமே மாறிவிடும். அதே நேரம், அந்தக் காவியத்தின் ஏழு பள்ளத்தாக்குகளை உங்கள் கண்காட்சியின் ஏழு அறைகளாக்கும் ஆசை வரும். வேண்டாம். பார்வையாளர் ஏழு முறை சொடுக்கி ஞானம் அடைந்துவிட்டதுபோல் ஒரு போலித் தோற்றம் வந்துவிடும்.

மெட்ரோபொலிட்டன் 2017-லும், ஃப்ரீர் கலைக்கூடத்தின் தாய் நிறுவனமான ஸ்மித்சோனியன் 2020-லும், காப்புரிமைச் சிக்கல் இல்லாத தங்கள் படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று பெருமளவில் திறந்துவிட்டன. உங்கள் பொருட்களுக்குப் பக்கத்தில் அவர்களுடைய படங்களை வைத்துப் பேசலாம். ஒவ்வொரு படத்துக்கும் உள்ள உரிமக் குறிப்பை மட்டும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரை ஏமாற்றும் இடம் அளவு. அர்தபீல் கம்பளத்தைச் சொல்கிறேன். லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பது. இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று கம்பளத்திலேயே நெய்திருக்கிறது. ஈரானை ஆண்ட சஃபவிய மரபின் முன்னோரான ஷெய்கு ஸஃபியுத்தீனின் தர்காவோடு சேர்த்துச் சொல்லப்படுவது. நீளம் பத்து மீட்டருக்கு மேல், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், முடிச்சுகள் இரண்டரைக் கோடிக்கும் அதிகம். அதன் ஒரு முனையில் பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் ஈரடி இருக்கிறது: உன் வாசற்படியை விட்டால் இந்த உலகில் எனக்கு வேறு புகலிடம் இல்லை என்ற பொருளில். சாயம் மங்கக் கூடாது என்பதற்காக அந்த அரங்கில் அரை மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். திரையில் விளக்கை அணைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முடிச்சாக எவ்வளவு நேரமும் பார்க்கலாம். இழப்பது என்ன? மொபைலில் அது உள்ளங்கை அகலப் படம். அதனால் எந்தப் பொருளானாலும் பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தின் நிழலை வைத்து அளவைக் காட்டிவிடுங்கள். அடி, மீட்டர் கணக்கு யார் மனதிலும் நிற்பதில்லை.

அடுத்தது ஒலி. சூஃபி மரபைக் காதில்லாமல் காட்டவே முடியாது. சூஃபிகளின் இசைச் சபைக்குப் பெயரான 'ஸமா' என்ற சொல்லுக்குப் பொருளே கேட்பது. ஆனால் பெரும்பாலான இணையக் கண்காட்சிகள் ஒலியைப் பின்னணி அலங்காரமாக வைத்துவிடுகின்றன: பக்கம் திறந்ததும் 'நெய்' என்ற நாணல் குழல் ஒன்று முனகத் தொடங்கும், பார்ப்பவர் பதறி ஒலியை அணைப்பார், அப்புறம் கண்காட்சி முழுவதையும் ஊமையாகவே பார்ப்பார். ஒலி தானாக ஓடக் கூடாது. கேட்க வேண்டும் என்று விரும்பி அவர் அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு துண்டு துண்டாக இல்லாமல் முழுதாகக் கேட்கக் கிடைக்க வேண்டும்.

கவிஞர் ரூமியின் வழிவந்த தர்வேஷ்களான மெவ்லவிகளின் ஸமாவில் வெள்ளை அங்கி சுழலும் இருபது விநாடிக் காட்சியைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் அது நபியைப் புகழும் பாடலில் தொடங்கி, முரசு, நெய் குழல் வாசிப்பு, மெதுவாக மூன்று சுற்று நடை என்று போகிறது. அதற்கப்புறம்தான் கருப்பு மேலங்கியைக் களைகிறார்கள். அந்த மேலங்கி கல்லறை, உள்ளே இருக்கும் வெள்ளை அங்கி சவத்தைச் சுற்றும் கஃபன் துணி, தலையில் இருக்கும் உயரமான கம்பளித் தொப்பி 'நான்' என்ற எண்ணத்தின் கல்லறைக் கல். இதன் பிறகு சலாம்கள் என்ற நாலு பகுதிகளாகச் சுழற்சி, வலக்கை மேல் நோக்கி வாங்க, இடக்கை கீழ் நோக்கிக் கொடுக்க. கடைசியில் குர்ஆன் ஓதுதல். உங்களிடம் இருக்கும் தொப்பி இந்த வரிசையில் எந்த இடத்தில் வருகிறது என்பதை முழுப் பதிவின் காலக்கோட்டில் குறித்துக் காட்டுங்கள். தொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் அந்தக் கணத்துக்குப் போய்க் கேட்க முடிய வேண்டும். இணையத்தால் மட்டும் முடிகிற காரியம் இது.

தர்காக்களில் பாடும் சூஃபிப் பாட்டான கவ்வாலிக்கும் இப்படித்தான். டெல்லியில் நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்காவில், கவிஞர் அமீர் குஸ்ரோவின் காலம் தொட்டு வருவதாகச் சொல்லப்படும் மரபில், பாடகர் ஒரே வரியைப் பத்து முறை, இருபது முறை திருப்பிப் பாடுவார். அலங்காரத்துக்காக அல்ல. கூட்டத்தில் யாரோ ஒருவர் அந்த வரியில் உருகி நின்றுவிட்டார் என்பதைப் பாடகர் கவனித்துவிட்டார், அவரை விட்டு நகர மாட்டார். ஒலிப்பதிவு மட்டும் போட்டால் கேட்கிறவருக்கு இது புரியாது. பாடகரின் கண் போகும் திசையைக் காட்டும் வீடியோ வேண்டும், பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பும் வேண்டும்.

எடுக்கும்போது அனுமதி. தர்கா நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நிலை மறந்து அழுகிற ஒருவரின் முகத்தைக் காட்ட அந்தக் கையெழுத்து உரிமை தராது. அந்த முகங்களைத் தவிர்த்துவிடுங்கள். இறைவன் பெயரை ஓதும் திக்ரு சபை சில தரீக்காக்களில், அதாவது சூஃபி வழிகளில், உறுப்பினர்களுக்கு மட்டுமானது; அங்கே பதிவே கேட்காதீர்கள். காட்டாமல் விட்ட இடத்தைக் கண்காட்சியிலேயே சொல்லலாம்: இது உள்வட்டத்துக்குரியது, ஆகவே பதிவு செய்யவில்லை என்று. பார்வையாளர்கள் அதை மதிப்பார்கள்.

படத்தைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். நாம் படம் என்றால் நகல் என்று எடுத்துக்கொள்கிறோம். செனகலின் முரீது மரபில் அப்படி இல்லை. அதன் நிறுவனர் ஷெய்கு அமாது பம்பாவுக்கு (1853–1927) உலகம் அறிந்த புகைப்படம் ஒன்றே ஒன்று. 1913-இல் பிரெஞ்சுக் காலனி ஆட்சியின் கண்காணிப்பில் எடுத்தது. வெயிலில் நிற்கிறார், வெள்ளைத் துணி முகத்தின் கீழ்ப்பாதியை மறைக்கிறது, கண்கள் நிழலில் கிடக்கின்றன, கைகள் அங்கிக்குள் இருக்கின்றன. தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ஒருவரைப் பதிவு செய்ய ஆட்சி எடுத்த படம் அது. அதையே டக்கார் நகரத்துச் சுவர்களிலும் கண்ணாடி ஓவியங்களிலும் கடைப் பலகைகளிலும் அவருடைய மக்கள் வரைந்து வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த உருவம் இருக்கும் இடத்தில் அவருடைய பரக்கத்தும், அதாவது அருளும், இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படியானால் உங்கள் கண்காட்சிப் பக்கத்தில் வருவதும் அவர்களுக்கு வெறும் நகல் அல்ல. அந்தப் படத்தின் மேல் விளம்பரப் பட்டையோ பட்டனோ வந்து விழக் கூடாது; பாதியில் வெட்டி முகப்புப் பேனராகப் போடக் கூடாது. இவை வடிவமைப்பாளரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியவை.

எழுத்தில் நடக்கும் தவறு இன்னொன்று. சூஃபி என்றாலே மதம் கடந்த பொதுவான அன்பு என்று குழைத்து எழுதிவிடுகிறார்கள். தொழுகை, குர்ஆன், நபி மீதான காதல், குருவிடமிருந்து குருவுக்கு இறங்கி வரும் ஸில்ஸிலா, இவை எல்லாம் விளக்கக் குறிப்புகளிலிருந்து மறைந்துவிடுகின்றன. இஸ்லாத்தை எடுத்துவிட்டுச் சூஃபிக் கலையை விளக்க முடியாது. அந்தக் கஷ்கூலில் செதுக்கியிருப்பதைப் படித்தாலே தெரியும். ரூமி பேரில் உலவும் மேற்கோள்களையும் நம்பாதீர்கள். "நீ யாராக இருந்தாலும் வா" என்று தொடங்கும் புகழ்பெற்ற நாலடி, ரூமிக்கு முன்பே வாழ்ந்த அபூ ஸயீத் அபுல் கைர் பேரில் வழங்கி வருவது. ரூமியின் பெருங்காவியமான மஸ்னவியில் மட்டும் ஏறக்குறைய 25,000 ஈரடிகள் இருக்கின்றன. ரூமி மறைந்து ஐந்தே ஆண்டில், 1278-இல், எழுதிய பிரதி கோன்யாவில் பத்திரமாக இருக்கிறது. எடுத்துப் போட உண்மையான வரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

கோன்யா என்றதும் நினைவுக்கு வருகிறது. உங்கள் பொருட்கள் எப்படி அருங்காட்சியகத்துக்கு வந்தன என்பதையும் எழுதுங்கள். துருக்கி 1925-இல் சட்டம் போட்டு தர்வேஷ் மடங்களை எல்லாம் மூடியது. ரூமியின் அடக்கத்தலம் 1927-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. அதுவரை கையில் புழங்கிய பாத்திரமும் தொப்பியும் குழலும் ஒரே நாளில் காட்சிப் பொருட்களாகிவிட்டன. இன்று நாம் பார்க்கும் பல சேகரிப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு மூடப்பட்ட வாசல் இருக்கிறது. உங்களுடைய நாற்பதும் வாங்கியவையா, வந்து சேர்ந்தவையா, எடுக்கப்பட்டவையா? பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள்.

பெண்களைத் தேடி எடுங்கள். எட்டாம் நூற்றாண்டு பஸ்ராவின் பெண் ஞானி ராபியா இல்லாமல் தெய்வக் காதலைப் பற்றிப் பேச முடியாது. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா சூஃபி வழியில் நின்று ஞானி முயீனுத்தீன் சிஷ்தியின் வாழ்க்கையை எழுதியவர். நிஜாமுத்தீன் தர்கா வளாகத்தில் கூரையில்லாத கல்லறையில் கிடக்கிறார். மேலே மண்ணும் செடியும்தான். ஒரு பேரரசரின் மகள் கேட்டு வாங்கிக்கொண்ட எளிமை அது. ஒரு புகைப்படம் போதும்.

தொழில்நுட்பத்தில் நாலைந்து சின்ன விஷயங்கள். அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் வலமிருந்து இடமாகப் புரள வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் இடமிருந்துதான் தொடங்கும், மாற்றச் சொல்லுங்கள். தங்கப் பூச்சை ஒரே கோண ஒளியில் எடுத்தால் சேற்று நிறமாக வரலாம். ஒளியின் கோணத்தை மாற்றிச் சில படங்களாவது எடுங்கள். முடிந்தால் பார்ப்பவரே ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கும் வகையில் பதிவு செய்யுங்கள். தேதிகளை ஹிஜ்ரி, பொது ஆண்டு இரண்டிலும் கொடுங்கள். பெயர்களைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுவார்கள். தர்வேஷ், தர்வீஷ், டெர்விஷ் எல்லாவற்றுக்கும் அதே பக்கம் வர வேண்டும். பார்வையற்றவர்களுக்கான படவிளக்கத்தை "கஷ்கூல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். மூலக் கோப்புகளை இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். மாலியின் திம்புக்துவில் 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த ஞானியரின் அடக்கத்தலங்கள் பதினான்கை இடித்தார்கள். 2015-க்குள் அவற்றை மீண்டும் எழுப்ப முடிந்ததற்கு உள்ளூர்க் கொத்தனார்களின் கை நினைவும் பழைய ஆவணங்களும் பெரிய உதவி.

கடைசியாக ஒரு வேலை. பக்கங்கள் தயாரானதும் நிபுணர்களுக்கு அனுப்பும் முன், அந்த மரபில் வாழ்கிற ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுங்கள். நீங்கள் எதுவும் விளக்காமல் பக்கத்தில் இருந்தால் போதும். நாங்கள் ஒருமுறை ஒரு கஷ்கூலை நாலு நாள் செலவழித்துப் படமெடுத்தோம். எழுத்துகள் அத்தனையும் துல்லியமாக வந்திருந்தன. ஒரு தரீக்காவைச் சேர்ந்த முதியவர் திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சங்கிலி எங்கே?" என்று கேட்டார். எழுத்தை மறைக்கிறது என்று நாங்கள்தான் கழற்றி வைத்திருந்தோம். "சங்கிலி இல்லையென்றால் இதை எப்படித் தூக்கிக்கொண்டு நடப்பது?" என்றார். மறுநாள் சங்கிலியை மாட்டி, மேசையில் வைக்காமல் தொங்கவிட்டு மறுபடி எடுத்தோம். இரண்டு வரி எழுத்து மறைந்துதான் போனது. அதைத் தனிப் படமாகப் போட்டுக்கொண்டோம்.